மாமா வீட்டுக்குப் போகும் வயது

பிள்ளைகளே, நான் நாலாம் ஆண்டு படிக்கும்போது எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு அலாஸ்காவிலிருந்து ஒரு பெட்டி வந்தது. அலாஸ்கா எந்தப் பக்கம் இருக்கிறது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. எங்கள் கேமரன் மலையைவிடக் குளிரான ஊர் ஒன்று இருக்கிறது என்பதையே நாங்கள் முதலில் நம்பவில்லை.

அனுப்பியவரை எங்களுக்குத் தெரியும். முந்தின வருடம் தேயிலை பார்க்க வந்த கூட்டத்தில் ஓர் அம்மா, பிள்ளைகள் சத்தம் கேட்டுப் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்துவிட்டார். அவரும் டீச்சராம், அமெரிக்காவிலிருந்து வருகிறாராம். எங்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். கறுத்த முடியும் அகன்ற முகமுமாக, கம்போங் ராஜா சந்தையில் கீரை விற்கிற யாரோ ஓர் அக்கா மாதிரி இருந்தார். அவர் லிங்கிட் என்ற இனத்தைச் சேர்ந்தவர் என்றும், வெள்ளைக்காரர்கள் வருவதற்கு முன்பே அந்தக் கடற்கரை அவர்களுடையது என்றும் எங்கள் டீச்சர் சொன்னார். நாங்கள் தமிழில் வாய்ப்பாடு சொல்வதை அந்த அம்மா அசையாமல் உட்கார்ந்து கேட்டார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். பன்னிரண்டாம் வாய்ப்பாட்டில் அழுதவர்கள் எங்கள் வகுப்பில் உண்டு. ஆனால் கேட்டு அழுதவர் அவர் ஒருவர்தான்.

பெட்டிக்குள் படம் போட்ட அட்டைகளும் ஒரு நிலப்படமும் மெல்லிய கதைப்புத்தகங்களும் இருந்தன. அவர்கள் ஊர்ப் பிள்ளைகள் சொந்த மொழியையும் சொந்தக் கதைகளையும் படிப்பதற்காக அவர்களே செய்தவை. அட்டையின் ஒரு பக்கம் படம், மறுபக்கம் அவர்கள் மொழியில் ஒரு சொல், அதன் கீழே இங்கிலீஷில் விளக்கம். கூடவே ஒரு கடிதம். டீச்சர் அதை மெதுவாகத் தமிழில் சொன்னார். அந்த அம்மாவின் தாயார் சிறு பிள்ளையாக இருந்தபோது பள்ளிக்கூடத்தில் லிங்கிட் பேசினால் அடிப்பார்களாம். அடி வாங்கிய பிள்ளைகள் வளர்ந்து, தங்கள் பிள்ளைகளாவது அடி வாங்காமல் இருக்கட்டும் என்று வீட்டில் அந்த மொழியைப் பேசாமலே விட்டுவிட்டார்களாம். அதனால்தான் பேரப்பிள்ளைகள் இப்போது அட்டையைப் பார்த்துப் படிக்கிறார்கள்.

எங்களுக்கும் பேசியதற்கு அடி விழும். ஆனால் எந்த மொழியில் பேசினோம் என்று எங்கள் டீச்சர் பார்த்ததில்லை.

வாரத்துக்கு ஓர் அட்டை. முதல் அட்டையில் ஒரு பெரிய காக்கை, அதற்கு 'யேல்' என்று பேர். ஊரே காக்கைக் கட்சி, கழுகுக் கட்சி என்று இரண்டாகப் பிரிந்திருக்குமாம். காக்கைக் கட்சிக்காரர் கழுகுக் கட்சியில்தான் பெண் எடுக்க வேண்டுமாம். கதைகளுக்குக்கூடச் சொந்தக்காரக் குடும்பம் உண்டு, அவர்களிடம் கேட்காமல் அடுத்தவர் சொல்லக் கூடாது. இதைக் கேட்டதும் பின்வரிசையில் ஒருத்தன், அப்படியானால் வீட்டுப்பாடத்தையும் பார்த்து எழுதக் கூடாதா டீச்சர் என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டான்.

ஒரு வாரம் வந்த அட்டையில் பனிக்கடலில் இடுப்பளவு தண்ணீரில் ஒரு பையன் நின்றான். கரையில் ஓர் ஆள் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். அதில் இருந்த சொல் 'காக்'. அம்மாவின் கூடப்பிறந்தவர், தாய்மாமன் என்று அர்த்தம். டீச்சர் விளக்கத்தைப் படித்தார். பிள்ளைகள் அம்மா வீட்டைச் சேர்ந்தவர்கள். அந்தக் காலத்தில் பையனுக்கு எட்டு, பத்து வயதானால் அப்பா வீட்டை விட்டுத் தாய்மாமன் வீட்டுக்குப் போய்விடுவான். மாமாதான் வளர்ப்பார். உடம்பும் மனசும் உறுதியாக வேண்டும் என்று விடியற்காலையில் குளிர்ந்த கடலில் இறங்கச் சொல்வார். வேலை கற்றுக்கொடுப்பார். அவருக்குப் பிறகு அவர் இடத்துக்கு அந்தப் பையன்தான்.

'அந்தக் காலத்தில்' என்று டீச்சர் இரண்டு முறை சொன்னார். அது என் காதில் விழவே இல்லை. அச்சடித்து வந்தது எனக்குச் சட்டம். எனக்கு அந்த மாதம்தான் பத்து வயது முடிந்திருந்தது.

எனக்கும் ஒரு தாய்மாமன் இருந்தார். கம்போங் ராஜாவில் காய்கறி லோரி ஓட்டினார். அம்மாவுக்கு அண்ணன். இரண்டு வருடமாக அவர் எங்கள் தோட்டத்துக்கு வருவதில்லை. அதற்குக் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். மாமாவுக்கு ஒரே மகன், என்னைவிட ஒரு வயது மூத்தவன். பள்ளி விடுமுறைக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். நான் காய்ச்சலில் படுத்திருந்தேன், அம்மா கொழுந்து பறிக்கப் போயிருந்தார். ஆலையில் இரவு வேலை முடித்து வந்த அப்பா, பையனை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு அசந்து தூங்கிவிட்டார். நாங்கள் குடியிருந்த லயத்துக்குக் கீழே பள்ளத்தில் தண்ணீர்க் குட்டை ஒன்று உண்டு. அவன் அதில் விழுந்துவிட்டான். அப்பாவுக்கு நீந்தத் தெரியாது. சத்தம் கேட்டு எழுந்து ஓடியவர் கரையில் நின்று கத்தினார். வேறு ஆட்கள் ஓடிவந்து இறங்கி எடுத்தபோது எல்லாம் முடிந்திருந்தது. மாமா அப்பாவை ஏசவில்லை, அடிக்கவில்லை. ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்.

"நீங்க எறங்கியிருக்கணும் மாப்ளே."

அதோடு போனவர்தான். குட்டையைச் சுற்றிக் கம்பிவேலி வந்தது. பிறகு எனக்குத் தங்கச்சி பிறந்தாள். அவளுக்குக் காது குத்த இரண்டு தடவை நாள் பார்த்து இரண்டு தடவையும் அம்மா தள்ளிப்போட்டார். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே குத்த வேண்டும். அப்பா வழியில் யாராவது உட்காரட்டும் என்று பெரியவர்கள் சொன்னபோது அம்மா அரிசி களைந்துகொண்டே இருந்தார். மாமா எப்படியாவது வர வேண்டும். அதற்கு வழி இந்த அட்டையில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. மாமாவுக்குப் பையன் இல்லை. நான் போய்விட்டால் கணக்குச் சரியாகிவிடும்.

ஒரு சனிக்கிழமை விடியற்காலையில் எழுந்தேன். முதலில் நம்மால் முடிகிறதா என்று பார்த்துவிட வேண்டாமா? வேலியில் நாய் புகுந்து போகும் ஓட்டை வழியாகக் குட்டைக்குப் போனேன். முழங்காலுக்கு மேல் தண்ணீர் ஏறியதும் மூச்சு நின்றுவிட்டது. பத்து எண்ணுவதற்குள் கரைக்கு ஓடிவந்து, துண்டால் காலைத் துடைத்து, துண்டை அங்கேயே போட்டுவிட்டு, பள்ளிப் பையில் உடுப்பை அடைத்துக்கொண்டு கியா பார்ம் ரோட்டுக்கு ஏறினேன். கம்போங் ராஜா பஸ் வந்தது. மாமா வீட்டுக்குப் போகிறேன் என்று டிரைவரிடம் சொன்னேன். அது பொய்யில்லை.

கதவைத் திறந்தது அத்தை. என்னையும் என் பையையும் மாறி மாறிப் பார்த்தார். "யாரோடடா வந்த?"

"தனியாத்தான் அத்தை."

மாமா உள்ளே உட்கார்ந்து பசியாறிக்கொண்டிருந்தார். பஸ்ஸில் மனப்பாடம் பண்ணியதை நான் நின்ற இடத்திலேயே ஒப்பித்தேன்.

"மாமா, எனக்குப் பத்து வயசாயிடுச்சு. இனிமே இங்கதான் இருப்பேன். ஒங்களுக்கும் இப்பப் பையன் இல்ல. வேலையெல்லாம் கத்துக் குடுங்க. தெனம் விடியக்காலைல தண்ணியில எறங்கச் சொன்னாலும் எறங்குவேன். இன்னைக்குக்கூடக் குட்டையில எறங்கிப் பாத்துட்டுத்தான் வந்தேன்."

நல்லாத்தான் சொன்னோம் என்று நினைத்தேன். மாமாவின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. அத்தை குனிந்து என் கால்சட்டையின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தார். அது இன்னும் ஈரமாக இருந்தது. தொட்ட கையை அவர் எடுக்கவில்லை. அப்படியே மேலே கொண்டுவந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"வீட்ல சொல்லிட்டு வந்தியா?" என்று மாமா கேட்டார்.

"இல்ல மாமா. சொன்னா விட மாட்டாங்க."

"தண்ணியில எறங்குனியே, தொடச்ச துண்டு எங்க?"

"அங்கயே கெடக்கு."

மாமா கழுவாத கையோடு எழுந்தார். "லோரி சாவிய எடுலா. அந்தத் துண்ட அவங்க பாத்திருப்பாங்க."

இப்போது போல ஆளுக்கொரு கைப்பேசி இல்லாத நேரம் அது. எங்கள் லயத்துப் பக்கம் கிராணி என்கிற தோட்டத்துக் கணக்குப்பிள்ளை வீட்டில்தான் போன், அந்த எண் மாமாவிடம் இல்லை. லோரியில் பாதி கோஸ் ஏற்றியிருந்தது. ஒவ்வொரு வளைவிலும் பின்னால் அது உருண்டு இடிக்கிற சத்தம் கேட்டது. அத்தை என் மணிக்கட்டை விடவில்லை, வலிக்கிறது என்று சொன்ன பிறகும் விடவில்லை. கியா பார்மில் ஸ்ட்ராபெரி வாங்க வந்தவர்களின் கார்கள் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றன. மாமா ஹாரனில் கை வைத்து அழுத்தினார். ஒருவரும் நகரவில்லை. லோரியை விட்டு இறங்கி ஒவ்வொரு கார்க் கண்ணாடியிலும் போய் "தோலோங், தோலோங்" என்று உதவி கேட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார். மாமா சாமியைத் தவிர யாரையும் கும்பிட்டு நான் பார்த்ததில்லை. நான் மாமா வீட்டில் இருக்க வந்தது அவருக்குப் பிடிக்கவில்லை போல, சீக்கிரம் கொண்டுபோய்த் தள்ளிவிடப் பார்க்கிறார் என்று எனக்கு அழுகை வந்தது.

லயத்தில் ஆளில்லை. எல்லாரும் பள்ளத்தில் இருந்தார்கள். கம்பிவேலியை ஒரு பக்கம் அறுத்துத் தள்ளியிருந்தார்கள். அம்மா தரையில் உட்கார்ந்திருந்தார், மடியில் என் துண்டு. பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேர் அவர் தோளைப் பிடித்திருந்தார்கள். ஆண்கள் மூங்கில் கழியால் துழாவிக்கொண்டிருந்தார்கள். அப்பா மட்டும் தண்ணீருக்குள் நின்றார். கழுத்து வரைக்கும் தண்ணீர். இடுப்பில் ஒரு கயிறுகூட இல்லை. காலால் அடித்தரையைத் தடவித் தடவி நகர்ந்துகொண்டிருந்தார்.

அம்மா என்னைப் பார்த்தார். எழுந்து வந்து என் ஒரு கையைப் பிடித்தார். இன்னொரு கை அத்தையிடம் இருந்தது. இரண்டு பேரும் விடவில்லை. அம்மா அத்தை தோளில் முகத்தைச் சாய்த்துக்கொண்டார்.

அடுத்த மாதமே மாமா மடியில் உட்கார்ந்து, அவர் சட்டையைக் கிழிக்காத குறையாக அழுது, தங்கச்சி காது குத்திக்கொண்டாள். எல்லாம் என் கெட்டிக்காரத்தனம் என்று பல வருடம் பெருமையாகச் சொல்லித் திரிந்திருக்கிறேன். ஆனால் பிள்ளைகளே, அன்று அந்தக் கரையில் நின்றபோது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

மாமா தண்ணீர் ஓரம் போய் நின்று, "ஏறி வாங்க மாப்ளே. பையன் வந்துட்டான். இங்கதான் நிக்கிறான்" என்றார்.

நானும் அப்பா, அப்பா என்று கத்தினேன். அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். நன்றாகவே பார்த்தார். தலையைக்கூட ஆட்டினார்.

"சரி மச்சான்" என்றார். பல் கிடுகிடுவென்று அடித்தது. "அந்தப் பக்கம் மட்டும் இன்னும் பாக்கல. பாத்துட்டு வந்துடுறேன்."

சொல்லிவிட்டு மறுபடியும் காலை வைத்துத் தடவ ஆரம்பித்தார். மாமா காலில் போட்ட சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் தண்ணீரில் இறங்கினார். அப்பாவை இழுத்துக்கொண்டு வரப் போகிறார் என்று நினைத்தேன். அவர் போய் அப்பாவின் கையைப் பிடித்தார். பிறகு இரண்டு பேருமாகச் சேர்ந்து, ஓர் அடி வைத்து, நின்று, அடுத்த அடி வைத்து, அந்தப் பக்கமாகப் போனார்கள்.

நான்தான் இங்கே நிற்கிறேனே, இன்னும் யாரைத் தேடுகிறார்கள் என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.