விஷ ஊசியும் ஒரு சாதாரணக் கதவும்

மலைக்குப் போய் ஆடலாம் என்று சொன்னது நான்தான். அதுதான் இன்னும் எரிச்சலாக இருக்கிறது.

கள்ளக்குறிச்சியில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டு மாடியில் ஒரு கணினி ஆசிரியர் குடியிருக்கிறார். ஞாயிறு மதியம் அவர் வீட்டில் ஒரு விளையாட்டு நடக்கும். அவர் கதையை நடத்துவார். அவர் மனைவியும், மனைவியின் தம்பியும், நானும் ஆளுக்கொரு பாத்திரமாக அந்தக் கதைக்குள் போவோம். பேய், பூதம், பாழடைந்த கோட்டை என்று அவர் சொல்லச் சொல்ல, நாங்கள் என்ன செய்கிறோம் என்பதை வாயால் சொல்ல வேண்டும். காரியம் ஆகுமா ஆகாதா என்ற சந்தேகம் வந்தால் இருபது முகப் பகடையை உருட்டிப் பார்ப்போம். வாரம் முழுக்க ஒரு கிளினிக் லேப்பில் ஊசி குத்தி ரத்தம் எடுக்கிற எனக்கு அந்த மதியம்தான் ஓய்வு.

என் பாத்திரம் ஒரு போர்வீராங்கனை. ஒரு வருஷத்துக்கும் மேலாக அவளை வளர்த்திருந்தேன். ஒரு சண்டையில் அவளுக்கு விரல் போனது. ஒரு கிராமத்துக் கோயில் மணியைக் கொள்ளைக்காரர்கள் தூக்கிப் போயிருந்தார்கள். அதை மீட்டுக் கொண்டுவருவதாக அந்த ஊராருக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். மணி இருக்கிற கோட்டையைக் கடைசியில் கண்டுபிடித்துவிட்டோம். இதை அரைகுறையாக ஆடக் கூடாது, மலைமேல் கரியாலூரில் ஒரு ரூம் எடுத்து நாள் முழுக்க உட்கார்ந்து ஆடலாம் என்றேன். லீவுக்குக் கெஞ்சினேன். சர்ச்சுக்குப் போகாததற்கு அம்மாவிடம் போனில் திட்டு வாங்கினேன். மலைப்பாதை வளைவுகளில் பஸ் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வாந்தி எடுத்தேன்.

ரூமில் பாய் விரித்து உட்கார்ந்தோம். பிளாஸ்கில் இருந்த டீயைக்கூட இன்னும் ஊற்றவில்லை. கோட்டைக்குள் முதல் கதவு வந்தது.

"இன்னா மாதிரி கதவு சார்?" என்று கேட்டேன்.

"சாதாரண மரக்கதவுங்க. இரும்புக் கைப்பிடி."

"கைப்பிடில ஏதாச்சும் தெரியுதா?"

"பாத்தா ஒண்ணும் தெரியல."

"செரி, தொறக்கிறேன்."

"ஊசி குத்திடுச்சி. விஷம். சேவ் போடுங்க."

சேவ் என்றால் உயிர் தப்புவதற்கான ஒரே ஒரு உருட்டல். பதினொன்றோ அதற்கு மேலோ விழுந்தால் பிழைக்கலாம். எனக்கு நான்கு விழுந்தது.

"செத்துட்டாங்க," என்றார் அவர். பஸ் போய்விட்டது என்று சொல்கிற மாதிரி சொன்னார்.

"இன்னா சார், ஒரு கதவ தொறந்ததுக்கா சாவு? நான் இன்னா பண்ணியிருந்தா பொழைச்சிருப்பேன், அத்த சொல்லுங்க."

கொஞ்சம் யோசித்தார். "டைஸ்ல பெரிய நம்பர் வுழுந்திருந்தா பொழைச்சிருப்பீங்க."

"அது நான் பண்றது இல்லியே சார்."

"விதின்னு ஒண்ணு இருக்குதுல்லங்க. உங்களுக்காக மாத்துனா நாளைக்கி எவனும் எந்தக் கதவுக்கும் பயப்பட மாட்டான்."

ஆட்ட விதியைச் சொல்கிறாரா, தலைவிதியைச் சொல்கிறாரா என்று தெரியவில்லை. பூதத்தோடு சண்டை போட்டுச் செத்திருந்தால் மனசு ஆறியிருக்கும். நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன், பார்க்க வேண்டியதைப் பார்த்தேன். அதற்குமேல் நான் செய்வதற்கு அங்கே ஒன்றுமே இல்லை.

"அக்கா, உங்க கேடயத்த எடுத்துக்கட்டா?" என்று கேட்டான் அந்தத் தம்பி. என் வீராங்கனையின் உடம்புச் சூடு ஆறுவதற்குள்.

"எடுத்துக்கோ," என்றேன்.

திரும்பிப் போக சாயங்காலம்தான் பஸ். வெளியே நடந்தேன். மரவள்ளிக் கொல்லைகளுக்கு மேலே மேகம் இறங்கியிருந்தது. அருவிக்குப் போகிற வழியில் ஜீப்புகள் சேறடித்துக்கொண்டு போயின. போனில் சிக்னல் இல்லை. மழை பிடித்ததும் ரூமுக்கே திரும்பிவந்து ஒரு மூலையில் உட்கார்ந்து மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்தேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மணியைக் கண்டுபிடித்தார்கள்.

"செம கனம்பா இது. தூக்கிக்கினு எப்பிடி ஓடறது? இங்கியே கெடக்கட்டும்," என்றார் ஆசிரியரின் மனைவியான அக்கா.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அதுக்குத்தான அக்கா இவ்ளோ தூரம் வந்ததே," என்று வாயெடுத்தேன்.

"செத்தவங்க பேசக் கூடாதுங்க," என்றார் ஆசிரியர்.

மணியை விட்டுவிட்டுப் போனார்கள். திரும்பி வருகையில் நான் பஸ்ஸில் தனி சீட்டில் உட்கார்ந்துகொண்டேன்.

ஆட்டத்தை விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். அந்த அக்கா கீழே இறங்கிவந்து கூப்பிட்டதால், புதிதாக ஒரு வைத்தியச்சியை உருவாக்கிக்கொண்டு போனேன். அவள் மகா பயந்தாங்கொள்ளி. எந்தக் கதவையும் கையால் தொட மாட்டாள். நீளக் கழியால் தட்டுவாள், கயிறு கட்டித் தூரத்திலிருந்து இழுப்பாள், தரையில் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பாள், படியில் கல்லை உருட்டிவிடுவாள். கோட்டையில் ஒரு நடைவழியைக் கடப்பதற்குள் அக்கா பஜ்ஜி சுட்டு முடித்துவிடுவார். வாரக்கணக்கில் இப்படியே ஆடினேன். கதை நகரவில்லை. தம்பி கொட்டாவி விட்டான். அக்கா ஆட்டத்துக்கு நடுவே துணி மடிக்க ஆரம்பித்தார்.

"போதுங்க," என்றார் ஆசிரியர் ஒரு ஞாயிறு. "இது சும்மா டப்பாங்க. அதையும் கழியால தட்டணுமா?"

"அன்னிக்கி சாதாரணக் கதவுன்னு நீங்கதான் சார் சொன்னீங்க."

அடுத்த வாரம் ஆசிரியர் ஆட்ட விதியை மாற்றிக்கொண்டு வந்தார். பொறி இருந்தால் முன்கூட்டியே ஏதாவது அறிகுறி காட்டப்படும்: ஒரு வாடை, ஒரு கீறல். விஷம் ஏறினாலும் உடனே சாவு கிடையாது. முதல் சேவில் தோற்றால் கை மரத்துப்போகும். கூட இருப்பவர்கள் மருந்து தேடலாம், அதற்குப் பிறகு இன்னொரு சேவ் போடலாம். கரியாலூரில் நான் கேட்டது ஏறக்குறைய இதைத்தான்.

முதலில் பலன் கண்டது தம்பி. பெட்டியில் கசப்பு வாடை வருகிறது என்று சொல்லியும் கையை விட்டான். இரண்டு விழுந்தது. எல்லோரும் பதறி எழுந்தார்கள். என் வைத்தியச்சி மூலிகையை அரைத்துக் கட்டினாள், இரண்டாவது உருட்டலில் பிழைத்துக்கொண்டான். அக்கா கை தட்டினார். அந்த மதியம் ஆட்டம் நன்றாகத்தான் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன்.

முடிந்ததும் ஆசிரியரிடம் கேட்டேன்: "அப்போ என் ஆளு? இந்த விதிப்படி பாத்தா அவ சாவலியே சார்."

பகடைகளை டப்பாவில் போட்டுக்கொண்டே சொன்னார்: "புது விதி முன்தேதியிட்டு வராதுங்க மேடம்."

தம்பியும் அக்காவும் சிரித்தார்கள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு கீழே இறங்கினேன்.