நூற்றிப்பத்தில் நின்ற சிவப்பு ஊசி

அந்த மீட்டரில் இரண்டு ஊசிகள் இருந்தன. கறுப்பு ஊசி எஞ்சின் எண்ணெயின் சூட்டை அந்தந்த நேரத்துக்குக் காட்டும். அதற்கு மேலே மெல்லிய சிவப்பு ஊசி ஒன்று. கறுப்பு ஏறும்போது சிவப்பையும் தள்ளிக்கொண்டு போகும். கறுப்பு இறங்கினாலும் சிவப்பு போன இடத்திலேயே நிற்கும். கார் ஓடி முடிந்து வந்த பிறகு, எண்ணெய் ஆகக்கூடுதலாக எவ்வளவு சூடேறியது என்பதை அதைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். கண்ணாடியின் நடுவே இருந்த சிறிய குமிழைத் திருகினால்தான் சிவப்பு ஊசி கீழே வரும். கைவிடப்பட்ட இறால் பண்ணை ஒன்றின் பெரிய ஜெனரேட்டரில் இருந்து அந்த மீட்டரைக் கழற்றி, துப்புரவாக்கி, அதன் உணர்முனையைச் சூடேற்றிய எண்ணெயில் போட்டுச் சரிபார்த்து, காரில் பூட்டியவர் என் மச்சான். அந்தக் குமிழைத் திருகியது நான்.

மச்சான் என் தங்கச்சியின் கணவர். அதற்கு முன்னால் என் வகுப்புக் கூட்டாளி; இருவரும் ஒருவரையொருவர் மச்சான் என்றுதான் கூப்பிடுவோம். யுத்தக் காலத்தில் மன்னாரிலிருந்து முஸ்லிம்கள் எல்லோரையும் விரட்டியபோது அவர் கைக்குழந்தை. புத்தளத்து முகாமில் ஓலைக் குடிசையில் வளர்ந்து எங்கள் பள்ளிக்கு வந்தவர். படிப்பை விட்டதும் என் சாச்சாவின் கராஜில் வேலைக்குச் சேர்ந்தார். சாச்சா என்றால் என் வாப்பாவின் தம்பி. டவுனில் பெயர்பெற்ற கராஜ் அவருடையது. பத்து வருடத்துக்குள் அந்தக் கராஜில் எஞ்சின் பூட்டுவதற்கு மச்சானை விட்டால் ஆளில்லை என்ற நிலை வந்தது. தங்கச்சியைப் பெண் கேட்டபோது எங்கள் குடும்பத்தில் சிலர் முகத்தைச் சுளித்தார்கள். சாச்சாதான் முன்னுக்கு நின்று நிக்காஹ்வை நடத்தி வைத்தார்.

முந்தல் பக்கத்தில், நோய் விழுந்து மூடப்பட்ட இறால் பண்ணைகளின் வற்றிய குளங்களைச் சுற்றிக் கிரவல் கொட்டி இறுக்கி, யாரோ சிலர் கார் ஓட்டப் பாதை ஒன்று செய்திருந்தார்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் அங்கே போட்டி நடக்கும். சாச்சாவுக்கு அதில் பைத்தியம். தன்னுடைய பழைய ஜப்பான் கார் ஒன்றை எங்களிடம் தந்தார். மச்சான் எஞ்சினைப் பிரித்துப் புதிதாகப் பூட்டினார். ஓட்டுவது நான்.

ஓட்டம் என்றால் வேகம் மட்டும்தான் என்று நான் நினைத்திருந்தேன். மச்சானுக்கோ ஓட்டம் முழுக்கவும் சூட்டைப் பற்றிய விஷயம். ரேடியேட்டரின் ஓரங்களில் ரப்பர் பட்டி ஒட்டினார். முன்னால் நுழைகிற காற்று பக்கவாட்டில் தப்பிப் போகாமல் ரேடியேட்டருக்குள்ளே போகவேண்டும். எங்கள் ஊர்க் கிணற்றுத் தண்ணீர் உப்புத் தண்ணீர் என்பதால் அதில் ஒரு சொட்டும் ஊற்றவிடமாட்டார். கூலண்டும் பற்றரிக்கு ஊற்றுகிற சுத்தத் தண்ணீரும் பாதிக்குப் பாதி. ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் தகடுகளுக்குள் அடைத்த உப்புத் தூசியைத் தூரிகையால் தட்டித் தட்டி எடுப்பார். முதல் இரண்டு சுற்றும் மெதுவாகப் போகவேண்டும், எண்ணெய் எண்பதுக்கு வரும்வரை காலை அழுத்தக்கூடாது. பிறகு மூன்று சுற்று வேகம், ஒரு சுற்று ஆறுதல். நூற்றிமுப்பதைத் தொட்டால் கியரை உயர்த்தி, எஞ்சின் சுற்றைக் குறைத்து, காற்று வாங்கவிட வேண்டும். ஓடி வந்ததும் எஞ்சினை டக்கென்று நிறுத்தவும் கூடாது. ஒருமுறை பயிற்சியில் தண்ணீர்ச் சூடு ஏறியபோது, பக்கத்தில் இருந்த மச்சான் காருக்குள் ஹீட்டரை முழுதாகத் திறந்துவிட்டார். புத்தளத்து வெயிலில், தலைக்கவசத்துக்குள் வியர்வை கண்ணில் ஓட, நான் கத்தினேன். அவர் சிரித்தார்.

"எஞ்சின்ட சூட்ட நாம கொஞ்சம் வாங்கிக்கொண்டா அதுக்கு லேசு மச்சான்" என்றார்.

இன்னொன்றையும் அடிக்கடி சொல்வார். "தண்ணி மீட்டர நம்பி ஏமாறாத. தண்ணி கெதியா ஏறும், கெதியா இறங்கும். எண்ணெய் அப்பிடியில்ல. ஏறவும் சுணங்கும், இறங்கவும் சுணங்கும். எண்ணெயத்தான் பாரு."

அந்த வருடத்துக் கடைசிப் போட்டி பன்னிரண்டு சுற்று. சாச்சா தன் கூட்டாளிகளோடு கூடாரத்தில் இருந்தார். தங்கச்சி புரியாணிப் பொதிகளோடு வந்திருந்தாள். நான் இரண்டாவதாக ஓடிக்கொண்டிருந்தேன். முன்னால் போன கார் சிலாபத்துக்காரர் ஒருவருடையது. அதன் பின்புறத்தை முட்டுகிற மாதிரி நெருங்கி ஓடியதில், அதன் தூசியும் சூட்டுக் காற்றும்தான் என் ரேடியேட்டருக்குக் கிடைத்தன. தண்ணீர் ஊசி ஏறியது. பக்கத்தில் விலகி ஓடினேன், இறங்கியது. எண்ணெய் ஊசி இறங்கவில்லை. ஏழாவது சுற்றில் நூற்றிமுப்பத்தைந்து. மச்சான் தெற்கு மூலையில் குளத்து வரம்பின் மேல் நின்று வெள்ளைத் துணியை ஆட்டினார். ஆறுதல் சுற்றுக்கான அடையாளம் அது. நான் கண்டேன். துணியை மட்டுமல்ல, அவருடைய முகத்தையும் கண்டேன். காணாதவன் போலக் காலை இன்னும் அழுத்தினேன். எட்டாவது சுற்றில் அவர் இரண்டு கைகளாலும் ஆட்டினார். கறுப்பு ஊசி நூற்றைம்பதைத் தாண்டி, எண்கள் முடிகிற இடத்துக்குப் போயிருந்தது. ஒன்பதாவது சுற்றில், மறுபக்கத்து வளைவில், எஞ்சினுக்குள்ளே சுத்தியலால் தட்டுவது போலச் சத்தம் கேட்டது. இரண்டு நிமிடத்தில் எல்லாம் நின்றுபோனது.

போட்டி முடியும்வரை யாரும் பாதையைக் கடக்க முடியாது. அதற்குப் பிறகும் அவர்கள் குளத்து வரம்புகளைச் சுற்றித்தான் நடந்து வரவேண்டும். அரை மணித்தியாலம் காருக்குள் தனியாக இருந்தேன். கறுப்பு ஊசி மெல்ல மெல்ல இறங்கியது. சிவப்பு ஊசி மட்டும் மேலே, நான் செய்ததைக் காட்டிக்கொண்டு நின்றது. வரம்பின் மேல் சாச்சாவும் மச்சானும் இன்னும் ஏழெட்டுப் பேரும் வருவது தெரிந்தது. அப்போது கறுப்பு ஊசி நூற்றிப்பத்தில் நின்றது. நான் கையை நீட்டிக் குமிழைத் திருகினேன். சிவப்பு கீழே வந்து கறுப்பின் மேல் படிந்தது. யோசித்துச் செய்தேன் என்றும் சொல்லமுடியாது, யோசிக்காமல் செய்தேன் என்றும் சொல்லமுடியாது. கை போனது, நான் விட்டேன்.

"என்ன நடந்த மகன்?" என்று சாச்சா கேட்டார்.

"சூடு நூத்திப்பத்தத் தாண்டல்ல சாச்சா. ஊசியப் பாருங்க. எஞ்சினப் பூட்டினதுலதான் எங்கயோ பிழச்சிரிக்கு."

சாச்சா குனிந்து பார்த்தார். பிறகு மச்சான் குனிந்து பார்த்தார். அவர் மீட்டரைப் பார்த்த நேரம் அதிகம். நிமிர்ந்து, "ஊசி எங்க நின்ட மச்சான்?" என்று என்னிடம் கேட்டார். "நூத்திப்பத்துல" என்றேன். அதன் பிறகு அவர் எதுவும் கேட்கவில்லை. கூட வந்தவர்களில் ஒருவர், எனக்குத் தூரத்து உறவு, எல்லோருக்கும் கேட்கத்தக்கதாகச் சொன்னார்: "அகதிப் பொடியன நம்பி எஞ்சினக் குடுத்தா இப்பிடித்தான்." மச்சானின் காது மடல் சிவந்ததை நான் கண்டேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தலைக்கவசத்தின் வாரைக் கழற்றுகிற சாட்டில் குனிந்துகொண்டேன். அந்தச் சொல்லை நான் சொல்லவில்லை என்று பல வருடங்கள் எனக்கு நானே ஆறுதல் சொல்லியிருக்கிறேன். ஆனால் அதைச் சொல்வதற்கு இடம் கொடுத்தவன் நான்தான்.

கூட்டாளிகளுக்கு முன்னால் வெட்கப்பட்டுப்போன சாச்சா, அங்கேயே மச்சானைக் கராஜுக்கு இனி வரவேண்டாம் என்றார். தங்கச்சி அழுதுகொண்டு தன் நானாவிடம், அண்ணனான என்னிடம், வந்தாள். "நானா, மன்னிச்சிக்கோங்க. அவர் வேணுமென்டு செய்யல்ல" என்றாள். தன் கணவருக்காக அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். நானும் பெரிய மனிதனைப் போல, "பரவாயில்ல, அழாத" என்றேன்.

அவர்கள் எத்தாளைக்குக் குடிபோனார்கள். மச்சான் அங்கே மீன்பிடிப் படகுகளின் எஞ்சின் திருத்தத் தொடங்கினார். நான் காரோட்டத்தை விட்டுவிட்டு வேன் ஒன்று எடுத்து, ஆலங்குடாவுக்கு வரும் வெள்ளைக்காரர்களை ஏற்றி இறக்குகிறேன். போகிற வழியென்பதால் அடிக்கடி அவர்கள் வீட்டில் இறங்குவேன். மச்சான் என்னோடு முன்போலவே கதைப்பார். என் வேனின் எண்ணெயையும் மாற்றித் தருவார். எட்டு வருடம் இப்படியே போனது.

போன வருடம் ஒருநாள் பகல், அவர்கள் முற்றத்தில் இருந்தேன். மச்சான் ஒரு படகு எஞ்சினைப் பூட்டி முடித்துக் கையைத் துடைத்தார். மீன்பிடிக்காரர் அதைத் தூக்க வந்தார். உள்ளேயிருந்து தங்கச்சி எட்டிப் பார்த்து, "எல்லாம் சரியாப் பூட்டினீங்களா? இன்னொருக்காப் பாருங்களே" என்றாள். மச்சான் மறுபேச்சில்லாமல் மறுபடியும் குந்தியிருந்து ஒவ்வொரு நட்டாகச் சாவி போட்டுப் பார்த்தார். மீன்பிடிக்காரர் சிரித்துக்கொண்டு என்னிடம், "எப்பவும் இப்பிடித்தான். தங்கச்சி ஒருக்காக் கேக்காம ஒரு எஞ்சினும் வெளிய போகாது" என்றார். எனக்கு முற்றத்தில் இருக்கமுடியவில்லை.

அன்றைக்கே மச்சானைக் களப்பு ஓரமாகக் கூட்டிக்கொண்டு போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. இழுத்துப் போட்டிருந்த படகில் சாய்ந்து நின்று கேட்டார்.

"தெரியும்" என்றார்.

"எப்ப?"

"அண்டைக்கே. ரெண்டு ஊசியும் ஒன்டுக்கு மேல ஒன்டு நின்ட. அரை மணித்தியாலம் ஆறின எஞ்சின்ல அப்பிடி நிக்காது. சிவப்பு மேலதான் நிக்கணும். யாரோ திருகியிரிக்கி. காருக்குள்ள நீ மட்டும்தான் இருந்த."

"ஏன் சொல்லல்ல?"

"சொன்னா உன்ட தங்கச்சி என்ட கதைய நம்புவாளா, நானாட கதைய நம்புவாளா என்டு தெரிஞ்சிரிக்கும். கலியாணம் முடிச்சு ரெண்டு வருஷம்தானே அப்ப. எனக்கு அதத் தெரிஞ்சுகொள்ளப் பயம்."

தங்கச்சியிடம் நானே சொன்னேன். அவள் ஏசவில்லை. "இவ்வளவு காலமும் எங்கட ஊட்டுல வந்து சாப்பிட்டீங்களே நானா" என்றாள். அவ்வளவுதான். எழும்பி உள்ளே போனாள்.

பிறகு சாச்சாவிடம் போனேன். வயதாகி, கராஜை மகனிடம் கொடுத்துவிட்டு வீட்டில் இருக்கிறார். கேட்டு முடித்தபின், "என்னட்ட மட்டும் சொல்லிப் போதாது. அண்டைக்கு நீ எல்லாருக்கும் முன்னால சொன்ன. நானும் எல்லாருக்கும் முன்னாலதான் அவரத் தொரத்தின" என்றார். அடுத்த நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு கராஜுக்கு வந்தார். பத்து மணித் தேத்தண்ணீர் நேரம். வேலையாட்கள் டயர்களின் மேலும் பெட்டிகளின் மேலும் இருந்து பாண் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் நின்று சொன்னேன். சொல்லி முடித்து நிமிர்ந்து பார்த்தபோது, அவர்களில் இரண்டு பேரைத் தவிர மற்றவர்கள் எல்லோரும் புதியவர்கள். மச்சான் யாரென்றே அவர்களுக்குத் தெரியாது. ஒருவர் மரியாதையாக, "பரவாயில்ல நானா, எல்லாருக்கும் நடக்கிறதானே" என்றார். அகதி என்று சொன்ன அந்த உறவுக்காரர் மவுத்தாகி மண்ணுக்குள் போய் மூன்று வருடம். அன்று வரம்பில் நின்ற மற்றவர்களை நான் எங்கே போய்த் தேடுவேன்?

போன பெருநாளுக்கு மச்சான் மட்டும் என் வீட்டுக்கு வந்தார். தங்கச்சி ஏன் வரவில்லை என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார்.

"அவக்கு உன்னில கோவமில்ல மச்சான். தன்னிலதான் கோவம். எட்டு வருஷமா ஒவ்வொரு எஞ்சினுக்கும் என்னட்ட அப்பிடிக் கேட்டத நெனச்சு நெனச்சு அழுறா. என்னட்ட மன்னிப்புக் கேக்குறா. நான் வேணாம் என்டு சொன்னாலும் கேக்குறா இல்ல. நான் என்ன செய்யுற?"

தேத்தண்ணீர்க் கோப்பையை அவருக்கு முன்னால் வைத்தேன். பக்கத்துக் கதிரை வெறுமையாகத்தான் கிடந்தது. அவர் குடித்து முடிக்கும்வரை நான் உட்காரவில்லை.