ஒரு சேவுக்கு எத்தனை வெங்காயம்

கணினியில் ‘சேவ்’ கொடுத்த கையோடு செல்வமேரி முறத்திலிருந்து ஒரு சின்ன வெங்காயத்தை எடுப்பார். கணினிப் பெட்டியின் சிவப்பு விளக்கு எரியத் தொடங்கும். உள்ளே ஹார்டு டிஸ்க் கறக் கறக்கென்று அரைக்கும். விளக்கு அணைவதற்குள் சாம்பாருக்கு வேண்டிய வெங்காயம் முழுவதும் உரிந்து கிண்ணத்தில் கிடக்கும்.

“வாங்கின புதுசுல ஒரு வெங்காயத்துக்குள்ள முடிஞ்சிடும். இப்ப ஒரு சேவுக்கு ஒரு கொழம்பு” என்பார், புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

மேற்குத் தாம்பரம் முடிச்சூர் சாலையில், வீட்டின் முன்னறைதான் அவரது டி.டி.பி. நிலையம். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, பங்குக் கோயில் திருவிழா நோட்டீஸ் எல்லாம் அங்கே உருவாகும். கணினியை அவருக்கு யாரும் கற்றுத் தரவில்லை. தடித்த ஆங்கிலப் புத்தகம் ஒன்றை அகராதி துணையோடு பென்சிலால் கோடிட்டுக் கோடிட்டுப் படித்தார்.

அவர் எந்தக் கோப்பையும் அழிப்பதில்லை. அதற்குக் காரணம் உண்டு. அச்சக உரிமையாளர் துரைராஜ் ஒருமுறை தொலைபேசியில் ஒரு கல்யாணப் பத்திரிகையின் மண்டபத்தை மாற்றச் சொன்னார். அச்சானபின் பெண் வீட்டார் சண்டைக்கு வந்தபோது, “நா எப்பம்மா சொன்னேன்?” என்று கைவிரித்துவிட்டார். பழி செல்வமேரியின் தலையில் விழுந்தது. அன்று முதல் ஒவ்வொரு திருத்தமும் தனிக் கோப்பு. அதன் அடியில், சொன்னவர் பெயரும் தேதியும். அதன்பின் துரைராஜ் எதையும் மறுத்ததில்லை. ஆனால் டிஸ்க் நிரம்பி வழிந்தது.

போன மார்கழியில் பள்ளி ஆண்டு மலர் வேலையைக் கொண்டுவந்த துரைராஜ், காத்திருந்து அலுத்துப்போனார்.

“இன்னாம்மா மேரி, பொட்டி இன்னும் எயுதிகினே கீது?”

“எழுதட்டும் அண்ணா. சும்மா உக்காந்திருக்கீங்களே, ரெண்டு உரிங்க.”

உரித்தார். உரித்துக்கொண்டே சொன்னார்: “அடுத்த வாரமும் இப்டியே இருந்தா, ஸ்டேஷனாண்ட புச்சா தொறந்துகிறான் பாரு, அவன்கிட்ட மலர குட்துருவேன். பேஜார்மா.”

மலர் போனால் நிலையத்தின் உயிரே போய்விடும். அன்றே புத்தகத்தைப் பிரித்தார் செல்வமேரி. பெட்டி மெதுவானதன் காரணத்தைக் கணவர் அந்தோணிசாமிக்கு விளக்கினார்: “கூட்டத்துல பீச் ட்ரெயின் ஏறின குடும்பம் மாதிரிங்க. எடம் கெடச்ச பக்கம் ஆளுக்கொரு பொட்டி. ஒரே பைலு, அங்க கொஞ்சம் இங்க கொஞ்சம்.”

சிதறியவற்றைச் சேர்த்தடுக்கும் டிஃப்ராக் கட்டளை, நகர்த்த இடமில்லை என்று மறுத்துவிட்டது. இனி வேறு வழியில்லை. பழைய திருத்தங்களையெல்லாம் பிளாப்பி வட்டுகளில் இரண்டிரண்டு பிரதி எடுத்தார். பூஞ்சை பிடிக்காமலிருக்க, அரிசி முடிச்சோடு டப்பாவில் வைத்து மூடினார். அந்தோணிசாமி சிரித்தார்.

“நக வெக்கிற டப்பால துரைராஜ் பேச்ச வெச்சுப் பூட்டறியே!”

“நக போனா போலீஸ்ல சொல்லலாம். பேச்சு மாறினா யார்கிட்ட சொல்றது?”

மின்வாரிய அலுவலகத்துக்கு நடந்துபோய், அன்று மின்தடை இல்லை என்று கேட்டறிந்து வந்த பிறகே கோப்புகளை அழித்து டிஃப்ராக்கை ஓட்டினார். யாரும் தொட்டுவிடக்கூடாதென்று விசைப்பலகை மேல் துண்டைப் போர்த்தினார். திரையில் சின்னஞ்சிறு கட்டங்கள் ஒவ்வொன்றாய் இடம் மாறிச் சேர்வதை, பூசை பார்ப்பவர்போல் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் துரைராஜ் வந்தார். “தலைமையாசிரியர் போட்டோவ மொத பக்கத்துக்குத் தள்ளிடும்மா” என்றவர், பழக்க தோஷத்தில் முறத்தை இழுத்து ஒரு வெங்காயத்தை எடுத்துக்கொண்டார்.

செல்வமேரி பக்கத்தை மாற்றினார். அடியில் ‘துரைராஜ், நேரில்’ என்று தேதியோடு அடித்தார். புதுப் பெயரில் சேவ் கொடுத்தார். விளக்கு சிமிட்டி அணைந்தது. பிளாப்பிக்குப் படியெடுத்தும் முடிந்தது.

துரைராஜ் அப்போதுதான் வெங்காயத்தின் வாலைக் கிள்ளியிருந்தார். செல்வமேரி அதை அவர் கையிலிருந்து எடுத்து முறத்தில் போட்டுவிட்டு, விரிந்திருந்த அதே உள்ளங்கையில் பிளாப்பியை வைத்தார்.