சுவாமி போகிற வழி

விமானம் ஓடுபாதையின் முனைக்குப் போய்த் திரும்பி நிற்கும்போது மதினி குனிந்து செருப்பைக் கழற்றிவிடுவாள். திருவனந்தபுரத்திலிருந்து நாங்கள் சேர்ந்து கிளம்பிய நான்கு பயணங்களிலும் இதைச் செய்தாள். செருப்பை முன் இருக்கைக்கு அடியில் ஒதுக்கி வைத்துவிட்டு, கால்களை மேலே தூக்கிச் சம்மணம் போட்டு, புடவையால் பாதத்தை மூடிக்கொள்வாள். எங்கள் ஊர்ச் சுவாமி வருடத்துக்கு இரண்டு முறை ஆறாட்டு என்கிற புனித நீராட்டுக்காகச் சங்குமுகம் கடலுக்குப் போவது அந்த ஓடுபாதையைக் கடந்துதான். அன்றைக்குச் சில மணிநேரம் விமானங்களை நிறுத்திவைத்து ஊர்வலத்துக்கு வழி விடுவார்கள். "ஏட்டி, சுவாமி போற வழில்லா இது. செருப்போட போலாமா?" என்பாள். "பிளேனு சக்கரத்தோடதான ஓடுது மதினி, அதையும் கழட்டச் சொல்லுங்க" என்று நான் கிண்டல் செய்வேன். விமானம் மூக்கைத் தூக்கி மேலேறும். ஜன்னலில் கடல் தெரியும். மதினியின் செருப்பில் ஒன்று வழுக்கிக்கொண்டு பின்வரிசைக்குப் போய்விடும். பெல்ட் விளக்கு அணைந்ததும் நான்தான் எழுந்து போய், யார் யார் காலடியிலோ குனிந்து தேடி எடுத்துவர வேண்டும். எனக்கு மானம் போகும். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

மதினி என் அண்ணன் மனைவி. அரசுப் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சராக இருந்தவள். நாஞ்சில் நாட்டிலிருந்து தாத்தா காலத்தில் திருவனந்தபுரத்துக் கரமனைக்கு வந்து தங்கிவிட்ட குடும்பம் எங்களுடையது. எனக்குக் கல்யாணம் அமையவில்லை. அரசு அலுவலகத்தில் கோப்புகளோடு காலம் போனது. அண்ணன் திடீரென்று போனபின், பிள்ளை இல்லாத அந்த வீட்டில் நாங்கள் இரண்டு பெண்களும் மிஞ்சினோம். ஒரு வருடம் கழித்து ஒரு நாள், இட்லி மாவு கரைத்துக்கொண்டிருந்த மதினி தலையைத் தூக்காமலே, "ஏட்டி, நாம எங்கயாவது தூரமா போவோமா?" என்று கேட்டாள். கன்னியாகுமரியைச் சொல்கிறாள் என்று நினைத்தேன். அவள் கொழும்பைச் சொன்னாள். அப்படித்தான் எங்கள் வெளிநாட்டுப் பைத்தியம் தொடங்கியது.

கரமனையில் மதினி வாசல்படி இறங்கினால் போதும், "எங்கோட்டா டீச்சரே?" என்று நாலு பேர் போகிற இடத்தைக் கேட்பார்கள். கேட்பவர்கள் நல்லவர்கள்தான், கேள்வியில் குற்றமில்லை. ஆனாலும் அண்ணன் போனபின் ஒவ்வொரு தடவையும் அவள் காரணம் சொல்ல வேண்டியிருந்தது. ரேஷன் கடை, பாங்கு, டாக்டர், கோயில். சும்மா போகிறேன் என்று சொல்ல அவளுக்கு நாக்கு வரவில்லை. சிங்கப்பூரில் முதல் நாள் மாலை, பெருவிரல் கனத்தில் வெட்டி ரொட்டிக்குள் வைத்துத் தந்த ஐஸ்கிரீமைத் தின்றுகொண்டே அவள் தெருவில் நடந்தாள். புடவையில் சொட்டியது, துடைக்கவில்லை. கை வீசி, எனக்கு முன்னால், சின்னப் பெண்ணாட்டம் நடந்தாள். ஒரு முக்கில் நின்று திரும்பி, "ஒருத்தனும் எங்கோட்டான்னு கேக்கல பாத்தியா?" என்றாள். அண்ணன் போன பிறகு அவள் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை அன்றுதான் பார்த்தேன்.

பிறகு கொரோனா வந்தது. அது ஒருவாறு அடங்கியபோது என் முழங்கால்கள் படுத்துவிட்டன. முதலில் ஒன்று, எட்டு மாதம் கழித்து மற்றொன்று என்று இரண்டுக்கும் அறுவை சிகிச்சை. வீட்டுக்குள் வாக்கரைத் தள்ளிக்கொண்டு நான் நடக்கும்போதெல்லாம் மதினி பின்னாலேயே வருவாள். "இன்னும் பத்து சுத்து நடந்தா கொழும்பு வந்திரும்" என்று உற்சாகப்படுத்துவாள். அவள் மட்டும் தனியாகவோ, பக்கத்து வீட்டு டூர் கும்பலோடோ போயிருக்கலாம். ஒரு தடவைகூட அந்தப் பேச்சை எடுக்கவில்லை. என் கால்களுக்காக அவள் காத்திருந்தாள். இதை நான் மறக்காமல் எழுதியாக வேண்டும்.

கால் சரியானதும் மலேசியாவுக்கு டிக்கெட் எடுத்தேன். கொழும்பில் இறங்கி வேறு விமானம் ஏற வேண்டும். ஐந்து வருடத்துக்குப் பிறகு போகிறோம் என்று வீடே கல்யாண வீடாகிவிட்டது. மதினி பெட்டியைப் பலமுறை அடுக்கிக் கலைத்தாள். பருப்புப்பொடியை இரண்டு உறைகளில் கட்டி, கசியுமோ என்று தலைகீழாகப் பிடித்துப் பார்த்தாள். பயணத்துக்கு இரண்டு நாள் முன்பு காலையில், வழக்கம்போலப் பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கக் கிளம்பிப் போனாள். நாங்கள் எந்தக் காரியத்துக்கும் முன்னால் அங்கே ஒரு தேங்காய் உடைப்பவர்கள்.

அவள் போயிருந்தபோதுதான் விமான நிறுவனத்திலிருந்து செய்தி வந்தது. நாங்கள் போகும் நாள் பங்குனி ஆறாட்டு. மாலை விமானம் தள்ளிப்போகிறது, கொழும்பில் அடுத்த விமானத்தைப் பிடிக்க முடியாது. இந்த ஊரில் பிறந்து வளர்ந்து, ஆயுசெல்லாம் தேதி பார்த்துக் கோப்பு நகர்த்திய நான், சுவர்க் காலண்டரைப் பார்க்காமல் செல்போனைப் பார்த்து டிக்கெட் எடுத்திருக்கிறேன்! வெளியூர்க்காரன் செய்யலாம் இந்தத் தவறை. எனக்கு என் மேலேயே கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அந்தக் கோபத்தில் நான் இருந்தபோது மதினி வந்து சேர்ந்தாள்.

"ஒரு தேங்கா ஒடைக்க ரெண்டு மணிக்கூரா மதினி?" என்று அவள் மேல் பாய்ந்தேன்.

"அங்க ஒரே கூட்டம்லா" என்று சொல்லி, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். மூச்சு வாங்கியது. வெயிலில் வந்த களைப்பு என்று நினைத்தேன். விஷயத்தைச் சொன்னேன். மறுநாள் விமானத்தில் இரண்டு இடம் இருக்கிறது, ஆனால் ஓட்டல், வண்டி எல்லாவற்றையும் மாற்ற வேண்டும், எனக்கு அந்தக் குழப்பம் ஒத்துவராது, மொத்தமாகத் தள்ளிவைத்து ஓணம் கழிந்து போவோம் என்றேன்.

"ஒரு நாள்தான ஏட்டி. மறுநாளே போயிருவோம்" என்றாள். சற்று நேரம் கழித்து, "ஓட்டல்காரன்ட்ட நான் வேணா பேசட்டா?" என்றாள். அப்புறம் சமையலறைக்குப் போய்த் திரும்பி வந்து மூன்றாவது முறையாக, "ஓணத்துக்கு இன்னும் எத்தர மாசம் கெடக்கு" என்றாள். நான் சொன்ன பதில் எனக்கு எழுத்துப் பிசகாமல் நினைவிருக்கிறது. "ரன்வே எங்கயும் ஓடிப் போயிராது மதினி."

அவள் என்னைப் பார்த்தாள். "சாரமில்ல, போட்டும். ஒன் சௌகரியம் போல செய்யி" என்று சொல்லிவிட்டு, அடுக்கிய பெட்டியைத் திறந்து பருப்புப்பொடியை வெளியே எடுத்தாள். அன்று மதியம் அதைத்தான் போட்டுச் சாப்பிட்டோம்.

கர்க்கடகம் என்று இங்கே சொல்லும் ஆடி மாத மழை கொட்டிய ஒரு காலையில், பால் பொங்கி அடுப்பு அணைந்த வாசனை வந்து நான் சமையலறைக்குப் போனபோது மதினி தரையில் கிடந்தாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. ஓணத்துக்கு இன்னும் ஐந்து வாரம் இருந்தது.

பதினாறாம் நாள் கழிந்து அவள் கைப்பையை எடுத்துப் பார்த்தேன். பாஸ்போர்ட்டின் உறைக்குள் நாலாக மடித்த ஒரு தாள். இவர் ஏழு நாட்களுக்குள் விமானப் பயணம் செய்யத் தடையில்லை என்று ஒரு டாக்டர் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். தேதியைப் பார்த்தேன். அவள் தேங்காய் உடைக்கப் போன நாள். ஆட்டோவில் அந்த டாக்டரைத் தேடிப் போனேன். உங்கள் மதினிக்கு இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிப்போயிருந்தது, உடனே அட்மிட் ஆகச் சொன்னேன், பயணம் போய்வந்த மறுநாளே வந்து படுத்துக்கொள்கிறேன் என்று கெஞ்சி இந்தத் தாளை வாங்கிப் போனார், அப்புறம் வரவேயில்லை என்று அவர் சொன்னார். பயணம்தான் முதல், ஆஸ்பத்திரி அதற்குப் பிறகு என்று அவள் ஒரு வரிசை வைத்திருந்தாள். நான் பயணத்தைத் தள்ளினேன், அவள் ஆஸ்பத்திரியைத் தள்ளினாள்.

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று அவள் மேல் பல நாள் கோபப்பட்டிருக்கிறேன். சொல்லியிருந்தால் பயணத்தை அன்றே ரத்து செய்திருப்பேன் என்பதும் எனக்குத் தெரியும். அது அவளுக்கும் தெரிந்திருந்தது. மறுநாள் விமானத்தில் ஏறியிருந்தால் பயணம் முடிந்து திரும்பி வந்து அவள் ஆஸ்பத்திரியில் படுத்திருப்பாள், இன்றைக்கும் இருந்திருப்பாள் என்று சில நாள் தோன்றும். பிழைத்திருக்க மாட்டாள் என்று சில நாள் தோன்றும். இரண்டில் எதுவானாலும் அந்த ஒரு நாளை அவள் மூன்று முறை என்னிடம் கேட்டாள். நான் கொடுக்கவில்லை.

அதற்குப் பின் இரண்டு வருடம் பாஸ்போர்ட்டைத் தொடவில்லை. இந்த வருடம், எப்படிச் சொல்வேன், ஆசை வந்துவிட்டது. மொட்டைமாடியில் துணி எடுக்கும்போது சங்குமுகம் பக்கமிருந்து ஏறிப்போன விமானத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். வெட்கமாக இருந்தது. வெட்கத்தோடேயே டிக்கெட் எடுத்தேன், சுவர்க் காலண்டரை மூன்று முறை பார்த்துவிட்டு. பழவங்காடியில் நானே தேங்காயை எறிந்தேன், சிதறித் தெறித்தது. வெளியே வந்து கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். கோயிலுக்குள் நுழைந்து கால் மணிநேரம்கூட ஆகவில்லை.

போன வாரம் கிளம்பினேன். விமானம் ஓடுபாதையின் முனையில் திரும்பி நின்றது. நான் குனிந்து செருப்பைக் கழற்றினேன். என் முழங்கால்கள் சம்மணம் போட விடாது. வெறும் பாதத்தைத் தரையில் தொடாமல் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டேன். பக்கத்து இருக்கைப் பெண் மலையாளத்தில், கால் வலிக்கிறதா ஆன்ட்டி என்று கேட்டாள். "இல்ல மோளே, சுவாமி போற வழில்லா இது" என்றேன். சொன்ன பிறகுதான் அது யார் பேச்சு என்று உறைத்தது.

விமானம் ஓடியது, மூக்கைத் தூக்கியது, ஜன்னல் நிறையக் கடல். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மறைக்க என்ன இருக்கிறது, அழுதுகொண்டே சந்தோஷமாக இருந்தேன். செருப்பில் ஒன்று காலருகிலிருந்து நழுவிப் பின்னால் போவது தெரிந்தது. பெல்ட் விளக்கு அணைந்தது. எழுந்து போய் அதை எடுத்துவர எனக்கு ஒரு நாத்தனார் இல்லை.