வகுப்புக்கு வராத பதினான்காம் மாணவன்

1989 செப்டம்பர் 4: வினிஃப்ரெட் ஆக்ராய்ட் எங்கள் பள்ளியில் ஆசிரியையாகச் சேர்ந்தார்.
2002: அவருடைய பாடத்துக்கு ஒதுக்கீடு 84 பவுண்ட். ரக்பி கம்பங்களுக்கு 2,150 பவுண்ட்.
2003 மார்ச் 7: விருப்பப் பாடப் படிவம் தரக் கடைசி நாள்.

அவருடைய பாடம் சமயம், தத்துவம், அறநெறி. பதினான்கு பேர் எடுக்காவிட்டால் செப்டம்பரில் அது கிடையாது. ஆக்ராய்ட் மழையில் நின்று ஹாக்கி சொல்லித்தர வேண்டும். கடைசி நாள் மதியம் வரை, பள்ளி எழுத்தரான என் அலுவலகப் பெட்டியில் பதின்மூன்று படிவங்களே இருந்தன. மூன்று மணிக்குப் பதினான்காவது விழுந்தது. பெயர்: கென்னத் பிளெங்கின்சாப்.

செப்டம்பரில் வகுப்பு தொடங்கியது. கென்னத் வரவில்லை. அக்டோபரிலும் வரவில்லை. எங்கள் யார்க்‌ஷயரில் அடுத்தவர் வீட்டு விஷயத்தை யாரும் விசாரிப்பதில்லை. நானும் பதிவேட்டில் 'காரணம் கேட்கப்படவில்லை' என்றே எழுதிவந்தேன்.

"பாவம், என்ன கஷ்டமோ. துருவிக் கேக்க வேணாம். ஒரு கார்டு அனுப்புவோம்" என்றார் தலைமையாசிரியர் சக்டன். நாற்பத்தொரு பேர் கையெழுத்திட்டோம். நிர்வாகக் குழுத் தலைவரும் போட்டார். முகவரிதான் தெரியவில்லை, அதையும் யாரும் கேட்கவில்லை.

கென்னத்தின் வீட்டுப்பாடம் மட்டும் தவறாமல் வந்தது, வாரம் ஒரு கையெழுத்தில். 'நல்லதுக்காகப் பொய் சொல்லலாமா?' என்ற கேள்விக்கு, "சொல்லலாம். உதாரணம் நானே. நான் பிறக்கவே இல்லை. யாருக்கும் நஷ்டமில்லை, பதின்மூன்று பேருக்கு லாபம்" என்று எழுதியிருந்தான். ஆக்ராய்ட் இருபதுக்குப் பத்தொன்பது போட்ட பிறகுதான் இரண்டாம் முறை படித்தார்.

"கென்னத் எங்க, டோனா?" என்று முதல் வரிசைப் பெண்ணைக் கேட்டார்.

"வீட்டுல, மிஸ்."

"எந்த வீட்டுல?"

டோனா கூரையைப் பார்த்தாள். "மிஸ், போன வருஷம் ஒரு நாள் நீங்க ஹாக்கி நடத்துனீங்க. ரெண்டு பேருக்குப் பல்லு போச்சு. நாங்க ஊர் நன்மைக்குத்தான் செஞ்சோம்."

"வாதம் நல்லாத்தான் இருக்கு. அத நானே ஏத்துக்கிட்டா நாளைக்கு எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் பாடம் எடுக்கறது?"

நேரே சக்டனிடம் போனார். பதிவேட்டோடு நானும் அங்கே இருந்தேன்.

"மிஸ்டர் சக்டன், கென்னத்னு ஒருத்தனே இல்லை. பதிமூணு பேருதான்."

சக்டன் சிவந்துபோனார். "நாப்பத்தோரு பேரு கையெழுத்துப் போட்டிருக்கோமே!"

"நானும்தான் போட்டேன்."

"தலைவர் அதுல கவிதையே எழுதியிருக்காரு, மிஸ் ஆக்ராய்ட்!"

"படிச்சேன். நீளமான கவிதை."

"சரி, அவருக்கே எழுதிக் கேக்கறேன். நீங்க எதுக்கும் ஹாக்கி மட்டையத் தேடி வைங்க."

தலைவரின் பதிலில் கென்னத்தைப் பற்றியோ கவிதையைப் பற்றியோ ஒரு சொல் இல்லை. விருப்பப் பாடத்துக்கு இனிப் பதின்மூன்று பேர் போதும் என்று ஒரே வரி. அந்தக் கடிதம் வந்தது 2003 டிசம்பர் 12, வெள்ளிக்கிழமை.