அழகுமலை நட்ட வெட்டவெளி

அழகுமலைக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று சுருளிப்பட்டியில் முதலில் சொன்னது அவர் பெண்டாட்டி கஸ்தூரியம்மாள்தான். ஊர் அதற்குப் பிறகுதான் சொன்னது. அவர் செய்தது இவ்வளவுதான்: திராட்சைக் கொடியை வெட்டி எரித்த பிறகு தோட்டத்தில் மிஞ்சிய கல்லுக்கால்களை விற்க மாட்டேன் என்றார். குடித்துவிட்டு ரோட்டில் கிடந்திருந்தால்கூட இத்தனை பேச்சு வந்திருக்காது.

திராட்சைத் தோட்டத்துக்குள் போகாதவர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். வரிசையாகக் கல்லுக்கால் நட்டு, மேலே கம்பி இழுத்துப் பந்தல் போட்டு, அதில்தான் கொடியை ஏற்றுவார்கள். காய் பிடித்துவிட்டால் குலை முகத்துக்கு நேரே தொங்கும். தலை பட்டால் பழத்தின் மேலிருக்கும் வெள்ளை மாவு அழிந்துபோகும். மாவு அழிந்த குலையை வியாபாரி ஒதுக்கிவிடுவான். அதனால் உள்ளே போகிறவன் போகும்போதே கழுத்தை இழுத்து முதுகை வளைத்துக்கொள்வான். இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுப்பதில்லை. வேலைக்கு வந்த கொஞ்ச நாளில் உடம்பே படித்துக்கொள்ளும்.

அழகுமலை எங்கள் ஊரிலேயே நெட்டையான ஆள். அப்பா செத்ததும் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு மருந்தடிக்கப் பந்தலுக்குள் நுழைந்தவர், ஐம்பத்தைந்து தாண்டியும் வெளியே வரவில்லை. அத்தனை உயரமும் அவருக்கு ஒரு பிரயோசனமும் தரவில்லை. பிடரியில் திமில் மாதிரி ஒரு மேடுதான் மிச்சம். கஸ்தூரியம்மாளும் கல்யாணமாகி வந்த மறுவாரத்திலிருந்து அதே பந்தலில்தான் காய் கிள்ளினார், குலை வெட்டினார். இப்போது வீட்டு வாசலில் தண்ணீர் பிடிக்கும்போதுகூட அந்த அம்மாளின் பார்வை தரையில்தான் இருக்கும்.

வெட்டுகிற நேரமாகப் பார்த்து மழை வந்து, பழம் வெடித்துக் குலை குலையாக அழுகியது. ஒரு தடவை அல்ல, அடுத்தடுத்து. கடைசியில் அவரே அரிவாளை எடுத்துக் கொடியை வெட்டினார். கம்பி பழைய இரும்புக்குப் போனது. கல்லுக்கு ஓடைப்பட்டியிலிருந்து ஆள் வருவதாக ஏற்பாடு. ஏற்றிவிட என் டிராக்டரைக் கூப்பிட்டிருந்தார்.

வெடித்த கல்லுக்குச் சுண்ணாம்பு அடையாளம் போட அம்மாவாசியை உள்ளே அனுப்பினோம். காலமெல்லாம் அந்தத் தோட்டத்தில் கவாத்து வெட்டிய ஆள். நல்ல மத்தியானம். மேலே கம்பி இல்லை, இலை இல்லை, வானம்தான் இருக்கிறது. அந்த ஆள் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் குனிந்தே நடக்கிறார். நாங்கள் டிராக்டரில் உட்கார்ந்து சிரிக்கிறோம்.

"ஏலே அம்மாவாசி, மேல என்னலே இருக்கு? யாருக்குக் குனியுற?" என்று அழகுமலை கத்தினார்.

அம்மாவாசி அண்ணாந்து பார்த்தார். வெட்கப்பட்டு நிமிர்ந்தார். நாலு எட்டு வைத்ததும் மறுபடி முதுகு வளைந்துவிட்டது. அவரைக் கூட்டிவர அழகுமலை உள்ளே இறங்கினார். இரண்டு வரிசை தாண்டியிருப்பார்.

"அண்ணே, நீங்களுந்தான் குனியிறீக" என்றேன்.

அப்படியே நின்றுவிட்டார். நின்று, கல்லைத் தொட்டுப் பார்த்தார், மேலே பார்த்தார், கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே இருந்த இடைவெளியைப் பார்த்தார். ஓடைப்பட்டி ஆள் வந்தபோது விற்பதில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்.

அதன்பிறகு ஒரு வருசம்போல எனக்கு அங்கேதான் வேலை. ஒரு கல்லைப் பிடுங்கு, ஒரு முழம் தள்ளி நடு, இன்னும் ஆழமாக இறக்கு, வேண்டாம், எடு. நட்ட பிறகு அவர் ஊடே நடந்து பார்ப்பார். நடந்துவிட்டு, "இங்கன இன்னும் கழுத்து எறங்கலப்பா, நெருக்கி நடு" என்பார். மேல்தோட்டத்துக்கு வேலைக்குப் போகிற பெண்களைக் கூப்பிட்டு, சும்மா அந்தப் பக்கம் வரைக்கும் போய்விட்டு வரச் சொல்வார். அவர்களும் சிரித்துக்கொண்டே போவார்கள், குனிந்துகொண்டே வருவார்கள்.

முடிந்தபோது அது இப்படி இருந்தது. சாலைப் பக்கம் கற்கள் உயரமாக, தள்ளித் தள்ளி நின்றன. உள்ளே போகப் போக உயரம் குறைந்தது, சந்து குறுகியது. நடுவில் வட்டமாக ஒரு இடம், அதில் ஒரு கல்லும் இல்லை. நான் திராட்சை வேலை பார்த்தவன் இல்லை, எனக்கே கழுத்து தானாக இறங்கியது, தோள் ஒடுங்கியது. தலைக்கு மேல் ஒன்றுமில்லை என்று தெரிந்தும் எதுவோ அழுத்துகிற மாதிரி இருந்தது. வட்டத்துக்கு வந்ததும் முதுகு படக்கென்று நிமிர்ந்தது. எதிரே மேகமலை. பொழுது விடிந்தால் பார்க்கிற மலைதான். அன்றைக்கு அது எட்டத்தில், அத்தனை உயரத்தில் நின்றது. இந்த ஊரில் இத்தனை இடம் இருக்கிறதா என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றேன். கல்லில் ஒரு சித்திரம் கிடையாது, ஒரு உளி பட்டது கிடையாது.

"கல்லு ஒண்ணும் பண்ணலப்பா. நடுவுல கெடக்குற எடந்தான் பண்ணுது. அதைத்தான் நான் நகத்திக்கிட்டுக் கெடந்தேன்" என்றார்.

அவருக்கு வேண்டியது ஒன்றுதான். கஸ்தூரியம்மாள் ஒரு தடவை உள்ளே வந்து அந்த வட்டத்தில் நிற்க வேண்டும். அதைக் கூச்சத்தோடு என்னிடம் சொன்னார். வீட்டில் எப்படிச் சொன்னாரோ தெரியாது. அந்த அம்மாள் சாலையில் நின்றபடியே பதில் சொன்னார்:

"நான் குனிஞ்சு கெடந்தது போதாதா? அதைக் கல்லு நட்டு வேற ஊருக்குக் காட்டணுமாக்கும்."

 

நிலத்தில் பாதி தம்பி தங்கப்பாண்டியனுக்கு. கம்பத்தில் உரக்கடை வைத்திருக்கிறான். சுடுகாடு மாதிரிக் கல்லை நட்டுவைத்திருக்கிறானே உன் அண்ணன் என்று கடைக்கு வருகிறவனெல்லாம் கேட்டால் அவனும் என்ன செய்வான்? வாழை வை, இல்லையென்றால் குத்தகைக்கு விடு என்று நெருக்கினான். அவனே குமுளியிலிருந்து சசிதரனைக் கூட்டிவந்தான். கேரளத்துச் சுற்றுலாக்காரர்களை வேனில் ஏற்றிவந்து திராட்சைத் தோட்டம் காட்டுகிற ஆள்.

சசிதரன் உள்ளே நடந்தார். குனிந்தார். வட்டத்தில் நிமிர்ந்து நின்றார். பிறகு, கொச்சியில் ஒரு கண்காட்சியில் இப்படித்தான் இரும்பும் கல்லும் நட்டிருந்தார்கள், ஜனம் வரிசையில் நின்று பார்த்தது, இது சிற்பம் என்றார்.

"மூஞ்சி இல்லாத சிலையா?" என்று கேட்டார் அழகுமலை.

"மூஞ்சி எதுக்கு சேட்டா? நடக்குற ஆளைக் குனிய வைக்குது, பின்னே நிமித்துது. அது போதும்."

ஊர் பைத்தியம் என்றதை ஒரு ஆள் சிற்பம் என்றார். அதிலேயே அழகுமலை விழுந்துவிட்டார். ஒரு கல்லையும் அசைக்கக் கூடாது என்று ஒரே ஒரு நிபந்தனை போட்டார். சசிதரன் அவர் கையைப் பிடித்து வாக்குக் கொடுத்தார். குத்தகை பேசி முடிந்தது. மகள் பவானிக்கு இரண்டாவது பிரசவம் என்று புருசனும் பெண்டாட்டியும் திருப்பூருக்குப் போனார்கள்.

அவர்கள் போன பிறகு ஒரு நாள் அந்தப் பக்கம் டிராக்டரில் போனேன். கல்லுக்குக் கல் கம்பி இழுத்து, அதன்மேல் பச்சை வலை விரித்து, பிளாஸ்டிக் கொடியும் பிளாஸ்டிக் குலையும் கட்டிக்கொண்டிருந்தார்கள். வட்டத்துக்கு மேலேயும் வலை. அதற்கடியில் ஒரு ஊஞ்சல். இறங்கிப் போய்ச் சண்டை போட்டேன். சசிதரன் கோபப்படவில்லை.

"ஒரு கல்லும் ஞான் தொடல. வர்றவங்க மொட்டக் கல்லைப் பார்த்திட்டு, திராட்சை எங்கேன்னு கேக்குறாங்க. ஞான் என்ன சொல்லும்?"

தொடவில்லைதான். அவரிடம் குற்றம் என்று எதைப் பிடிப்பது? முன்பு ஒன்றுமில்லாத வானத்துக்குக் கீழே குனிந்தோம். ஏன் குனிகிறோம் என்று நமக்கே உறைத்தது. இப்போது தலைக்கு மேல் வலை இருக்கிறது. குனிகிறவனுக்குக் கேள்வியும் இல்லை, நிமிர இடமும் இல்லை. திருப்பூருக்குப் போன் போட்டேன். நிழலுக்கு வலை கட்டுவதாகத் தம்பி சொன்னான், வட்டத்தை மூடாமல் விட்டிருப்பார்கள் என்றார் அழகுமலை. இல்லை என்றேன். போனை வைத்துவிட்டார்.

சுற்றுலாக்காரர்களுக்குத் தோட்டத்தைத் திறந்துவிட்ட நாளில் அழகுமலையும் கஸ்தூரியம்மாளும் வந்தார்கள். குமுளி வண்டிகள் சாலை ஓரம் நின்றன. கஸ்தூரியம்மாள் சாலையில் நிற்கவில்லை. தம்பி பெண்டாட்டியோடு நேராக உள்ளே போனார். அழகுமலை பின்னால் போனார். பிளாஸ்டிக் குலை அவர் நெற்றியில் உரசியது. வட்டத்துக்கு வந்ததும் கையைத் தூக்கி வலையை மேலே தள்ளிப் பார்த்தார். கொஞ்சம் ஏறி, கை எடுத்ததும் பழையபடி தொங்கியது.

"இப்பத்தான்யா தோட்டம் மாதிரி இருக்கு" என்றார் கஸ்தூரியம்மாள். "மொதல்லயே இப்படிப் போட்டிருந்தா நானும் வந்திருப்பேன்ல."

அவர் நின்றது அழகுமலை ஒரு வருசம் கல் நகர்த்தி உண்டாக்கிய இடத்தில். அங்கேயும் அந்த அம்மாளின் பார்வை தரையில்தான் இருந்தது.  

தங்கப்பாண்டியன் இருவரையும் சேர்த்து நிற்கவைத்து செல்போனைத் தூக்கினான்.

"அண்ணே, கொஞ்சம் குனிஞ்சு நில்லுங்க. பழம் மூஞ்சிய மறைக்குது" என்றான்.

அவர் குனிந்து நின்றார்.