ரெண்டு ஓட்டை மேலே

போன சனிக்கிழமை ஒரு குதிரையின் முதுகில் உட்கார்ந்தபடியே ஃபெயிலானேன். ஐம்பத்தாறு வயதில்!

நீங்கள் சிரிப்பது டெக்சஸ் வரை கேட்கிறது. ஆனால், குதிரை என் ஐடியா இல்லை. இந்த ஊருக்கு வந்து பதினெட்டு வருஷமாச்சு, ஒரு தடவையாவது இரண்டு பேரும் ஜோடியாகக் குதிரையில் ஆற்றங்கரை வரை போக வேண்டும் என்பது என் மனைவி கீதாவின் ஆசை. நாற்பது நிமிஷ டிரைவில் ஒரு ரேஞ்ச், வாராவாரம் கிளாஸ். ஐந்தாவது வாரம், குதிரையை ‘ட்ராட்’ எனப்படும் சின்ன ஓட்டத்தில் ஓட்டிக் காட்டுகிறவர்களை மட்டும் ஆற்றுப் பாதைக்கு அழைத்துப் போவார்கள்.

முதல் நாளே கீதா டீச்சரம்மாவைப் படுத்தி எடுத்துவிட்டாள். காலை வைக்கும் ஸ்டிரப் இறக்கமாக இருக்கிறதாம். ஏற்றினார். இப்போது முட்டி மடங்குகிறதாம். இறக்கினார். பட்டையில் இன்னும் ஒரு ஓட்டை... பத்துப் பேர் காத்திருக்கிறார்கள் — எனக்கு மானமே போயிற்று.

அடுத்து என்னிடம் வந்து, ஸ்டிரப் சரியாக இருக்கிறதா என்று கேட்டார். “ஃபைன், ஃபைன்” என்றேன்.

எங்கே ஃபைன்? எனக்கு முன்னால் அந்தச் சேணத்தில் உட்கார்ந்தவர் ஆறேகால் அடி ஆசாமி. எனக்குக் கால்விரல் நுனிதான் ஸ்டிரப்பை எட்டியது. அதனாலென்ன, காலை நீட்டிக்கொண்டால் போச்சு!

நான்கு வாரம் நீட்டினேன். குதிரை குலுங்கினால் ஸ்டிரப் நழுவும். சேணத்தின் முன்பக்கக் குமிழை இரண்டு கையாலும் கட்டிக்கொள்வேன். வீட்டுக்கு வந்து முட்டிக்குத் தைலம். வயசாகிவிட்டது என்று நானே முடிவு கட்டிவிட்டேன்.

ஐந்தாவது வாரம் ட்ராட்டில் அரிசி மூட்டை மாதிரி குதித்தேன். இன்னும் மூன்று மாதம் பழகட்டும் என்று சொல்லிவிட்டார் டீச்சர். கீதா பாஸ்.

“நீங்க வராம நான் மட்டும் போயி என்ன பண்ணப் போறேன்?” என்றாள் கீதா. முட்டியைவிட அதுதான் வலித்தது.

அப்போதுதான் அவள் என் காலைப் பார்த்தாள். டீச்சரைக் கூப்பிட்டாள். அவர் தோல் பட்டையைத் தூக்கி, பக்கிளைக் கழற்றி, இரண்டு பக்கமும் ரெண்டு ஓட்டை ஏற்றி மாட்டினார். எழுந்து நிற்கச் சொன்னார். நின்றேன்! நான்கு வாரமாக ஏன் சொல்லவில்லை என்றார். உங்களுக்கு எதற்குச் சிரமம் என்றுதான்... என்று இழுத்தேன். அவர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை.

நாம் எல்லாரும் இப்படித்தானே? முடிவெட்டியவர் பின்னால் கண்ணாடி காட்டி ஓகேவா என்றால், தலை நாசமாகியிருந்தாலும் ஆட்டிவிட்டு வருவோம். ஆபீஸில் போன ஆள் விட்டுப்போன நாற்காலி உயரத்திலேயே வருஷக்கணக்கில் கழுத்தை வளைப்போம். கேட்டால் பெருந்தன்மையாம்! வாயைத் திறக்கக் கூச்சம், அவ்வளவுதான்.

டீச்சர் இன்னொரு சான்ஸ் கொடுத்தார். ஒரே சுற்று... பாஸ்!

ஆற்றுப் பாதையில் ஜோடியாகப் போனோம். கீதா வெகுநேரம் ஏதோ யோசனையிலேயே வந்தாள்.

“ஏங்க, வருஷா வருஷம் கொலுவுல நான் பாடி முடிச்சதும் நல்லா இருந்துச்சுன்னு சொல்வீங்களே... அதுவும் இப்படித்தானா?”

நான் குதிரையைத் தட்டிவிட்டேன். அன்றைக்கு நான் ஓட்டியதிலேயே அருமையான ட்ராட் அதுதான்.